பெட்டியிலிருந்து எடுத்த சீடி

பண்டமாரான், கிள்ளான்
4.5.2025

மருமகள் விஷ்ணுப்ரியாவுக்கு,

நாகையா எழுதுவது. நான் நலம். நீயும் பேத்தி தாமரையும் நலமாக இருக்க வேண்டும் என்று இங்கிருந்தே நினைத்துக்கொள்கிறேன், விசாரிக்கத்தான் வழி இல்லை. உன் நம்பருக்கு அடித்தால் ஒரு தடவை மணி அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு சுகுமாறன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்கள புளோக் பண்ணிட்டாங்க லா" என்று சிரித்தான். எழுபத்து நாலு வயதில் இதையும் கேட்க வேண்டியிருக்கிறது. தபால்காரனை நீ தடுக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

ஆடியில் முகுந்தனுக்கு மூன்றாம் வருஷத் திதி. போன இரண்டு வருஷமும் என் மகன் படத்துக்கு முன்னால் நானும் என் தங்கை அமுதவள்ளியும்தான் முன்வரிசை. பெண்டாட்டியும் பிள்ளையும் ஸ்ரீ கெம்பாங்கானில், காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அவனை எடுத்த அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் சொல்வதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் முகம் திருப்புவது உனக்கே சரியாகப் படுகிறதா?

இன்னொன்று. முகுந்தனின் சவப்பெட்டியில் நீ வைத்தாயே, தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தின் படம் போட்ட சீடி, அது என்னிடம்தான் இருக்கிறது. வயரிங் சாமான் டிராயரில் கிடந்தது. போன வாரம் சீடி போடுகிற பழைய ரேடியோவைப் பிரித்து, துடைத்து, அறுந்துபோன வயரை ஒட்டி ஓட விட்டேன். முதல் பாட்டைக் கேட்டேன். ஒருத்தன் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகுகிறான். பின்னால் கித்தார் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அன்றைக்குச் சொன்னதையேதான் இன்றைக்கும் சொல்வேன். ஆள் உயிரோடு இருக்கிற வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. நான் வளர்ந்த எஸ்டேட் தோட்டத்தில் ஒப்பாரியைச் சும்மா முணுமுணுத்தால்கூட வாயில் அடிப்பார்கள்.

திதிக்கு வந்து சேர். பிள்ளையையும் கூட்டி வா.

இப்படிக்கு,
மாமனார் நாகையா


ஸ்ரீ கெம்பாங்கான்
13.5.2025

திரு. நாகையா அவர்களுக்கு,

"ஒரு வார்த்தை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் முழுதாக எழுதுகிறேன்.

பெட்டியை மூடி சிம்பாங் லீமா சுடலைக்கு எடுக்க இருந்தார்கள். அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் அந்த சீடியை வைத்தேன். எல்லாரும் வெற்றிலை, சட்டை, கண்ணாடி என்று வைத்தார்கள், நான் அதை வைத்தேன். நீங்கள் கையை விட்டு எடுத்தீர்கள். "இந்த ஒப்பாரியக் கேட்டுக் கேட்டுத்தான் எம் மவன் நெஞ்சு நின்னு போச்சு. சாவ வீட்டுக்குக் கூப்பிட்டவ இவ" என்றீர்கள். கூடாரத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. தாமரைக்கு அப்போது ஒன்பது வயது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாட்டைப் பற்றி. ஒன்றைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். உங்கள் மகனுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், பேசாமல் கேட்க வேண்டும். அதில் ஒன்பது பாட்டு, நாற்பத்து மூன்று நிமிஷம். அப்போது நாங்கள் இருந்த சாலாக் செலாத்தான் ஃபிளாட்டில், வேலை முடிந்து வந்ததும் தரையில் படுத்து, மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு கேட்போம். சில நாள் அவருக்குக் கண் கலங்கும். முடிந்ததும் எழுந்து மெகி கோரெங் நூடுல்ஸ் போடுவார். அந்த மாதிரி நாட்களில் எங்கள் வீட்டில் அதிகம் சிரித்தவர் அவர்தான். நீங்கள் ஒருமுறை அந்த நேரத்தில் வந்து, வாசலிலேயே நின்று, "யாரு செத்தது?" என்று கேட்டீர்கள். அதற்கும் அவர் சிரித்தார்.

திதிக்கு வரமாட்டோம். சீடியை அனுப்ப வேண்டாம்.

விஷ்ணுப்ரியா


பண்டமாரான்
1.6.2025

விஷ்ணுப்ரியாவுக்கு,

"திரு." என்று போட்டிருந்தாய். இ.பி.எஃப். ஆபீஸிலிருந்து வந்த கடிதமோ என்று நினைத்தேன். போகட்டும்.

சட்டம் என்று எழுதினாயே, அதைப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். என்னைத் தெரியும் உனக்கு. ஆறாம் வகுப்போடு நின்றவன், வயரிங்கையும் இங்கிலீஷையும் புத்தகத்தைப் பார்த்துத் தானாகக் கற்றவன். எதையும் பாதியில் விட்டதில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ சொன்னது தவறு என்று எழுதுவதற்காகவே கேட்டேன்.

முதல் நாள் இரண்டாம் பாட்டில் சுகுமாறன் வந்து கூப்பிட்டான். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. சட்டம் என்றால் சட்டம். அன்றைக்கு நான்காம் பாட்டில் நானே எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஏன் எழுந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் கடைசி வரை இருந்தேன்.

பாடுகிறவன் சொல்வது பாதிதான் புரிகிறது. புரிந்த வரைக்கும் மனதுக்குள் அவனை மறுத்துக்கொண்டே வந்தேன். அழாதே, போய் வேலையைப் பார் என்று. ஏழாவதில் வார்த்தையே இல்லை. ஒரே கித்தார், ஒரே நரம்பு, தட்டித் தட்டி அங்கேயே நிற்கிறது. மேலேயும் ஏறவில்லை, முடியவும் இல்லை. வார்த்தை இருந்தால் எதிர்த்துப் பேசலாம். அங்கே எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை. நான் மட்டும் இருந்தேன்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஞாபகத்தில்தான்; அவன் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அடித்த போன். முகுந்தன் கூப்பிட்டு, "அப்பா, ரெண்டு நாளா நெஞ்சு கனமா இருக்கு, எடது கையி மரத்த மாதிரி இருக்கு, கிளினிக் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். நான், "வாயுடா அது. நேரங்கெட்ட நேரத்துல தின்னா அப்படித்தான். ஓமத்தண்ணி வச்சுக் குடி. கிளினிக்காரன் என்னாத்தப் படிச்சான், நான் படிக்காதது" என்றேன். அவன் சரிப்பா என்றான். செவ்வாய்க்கிழமை அம்பாங்கில் ஆபீஸ் படிக்கட்டில் விழுந்தான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்றபோது வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்குவதற்காக உன்னைச் சொன்னேன். ஒப்பாரியும் சாஸ்திரமும் அதற்குச் சாக்காகச் சேர்த்துக்கொண்டது.

இதை எழுதுவதற்குள் நான்கு தாள் கிழித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீ இரண்டு திதிக்கு வராதது தப்புத்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாகையா


ஸ்ரீ கெம்பாங்கான்
15.6.2025

மாமாவுக்கு,

அந்த போன் எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் இருந்தேன். ஓமத்தண்ணியையும் என் முன்னால்தான் குடித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "டாக்டர் நாகையா வாழ்க" என்றார். நானும் கிளினிக் போங்கள் என்று ஒருமுறைதான் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. எனக்கும் அது இருக்கிறது.

நீங்கள் சொல்லக் காத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். சொல்லவே மாட்டீர்கள் என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

நான் உங்களிடம் சொல்லாதது வேறு. அவர் போன பிறகு, ஒரு ஞாயிறு மாலை, அந்த ஆல்பத்தைப் போனில் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தாமரை ஓடி வந்து நிறுத்தினாள். "அம்மா, நீயும் போயிடுவியா?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாட்டு இல்லை. காரில் மெதுவாக ஏதாவது வந்தால் ஸ்டேஷனை மாற்றுகிறாள். இப்போது பன்னிரண்டு வயது, பயம் என்று காட்டிக்கொள்ள மாட்டாள், மாற்றிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். போன வருஷம் ஒருநாள் கேட்டேன்: "அப்பா போனது அம்மாவாலன்னு நினைக்கிறியா?" இல்லை என்றாள். ஆனால் அதைச் சொல்வதற்கு அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது, மாமா.

எனக்குக் கேட்க வேண்டும் போல் இருந்தால் கீழே கார் பார்க்கில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரோடு நான் வாழ்ந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அந்த நாற்பத்து மூன்று நிமிஷம்தான். அதைத் திருடி மாதிரிக் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவளிடம் காட்ட மாட்டேன். நாற்பது பேர் முன்னால் சொன்னதை உறையில் போட்டு ஒட்டித் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது.

விஷ்ணுப்ரியா


பண்டமாரான்
3.8.2025

விஷ்ணுப்ரியாவுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆனது. கோபத்தில் இல்லை. எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது இருந்தது.

பிள்ளை கேட்டாளே, நீயும் போயிடுவியா என்று, அந்த வரிதான் என்னைக் கிளப்பியது.

போன மாதம் 19ஆம் தேதி திதி. படையல் போட்டு, தீபம் காட்டி, எல்லாரும் இலையில் உட்கார்ந்த பிறகு நான் எழுந்தேன். போனைச் சொன்னேன், ஓமத்தண்ணியைச் சொன்னேன், மருமகள்மேல் பழி போட்டது பொய் என்று சொன்னேன். அமுதவள்ளி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, ஒக்காருங்க, சாம்பாரு ஆறுது." நான் உட்காரவில்லை. உடனே அவள், "இருந்தாலும் அந்தப் பாட்டும் ஒரு காரணந்தாண்ணே" என்றாள். நான் சொன்ன பொய்யை என்னைவிட நன்றாக அவள் நம்பியிருக்கிறாள். இலைக்கு முன்னாலேயே சண்டை. பாயசம் யாரும் சாப்பிடவில்லை.

வந்தவர்கள் பதினைந்து பேர்தான். மீதிப் பேர்? அன்றைக்குக் கூடாரத்தில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்து எழுதி, வீடு வீடாகப் போனேன். கொமுட்டர் ரயிலிலும் பஸ்ஸிலும் பதினேழு வீடு. நின்றுகொண்டுதான் சொன்னேன். சிலர் அழுதார்கள். சிலர் கோப்பி கலக்கிக் கொடுத்து, தோளைத் தட்டினார்கள், அது இன்னும் மோசம். சுகுமாறன் முழுதையும் கேட்டுவிட்டு, "அண்ணே, அன்னைக்கு எனக்கு வேல. நான் வரவே இல்லையே" என்றான். தெரியாதவனிடமும் சொல்லிக்கொண்டாகிவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் உன் சித்தப்பா முறைக்காரர் ஒருவர் டிவியை நிறுத்தாமலே கேட்டார். பிறகு, "பாட்டு கேட்டுத்தான் செத்தான்னு ஞாபகம். யாரு சொன்னான்னு ஞாபகம் இல்ல. நீங்களா சொன்னீங்க?" என்றார். நான் சொன்னது என் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. எத்தனை வீட்டுக்குப் போனாலும் அது எனக்கு முன்னால் போயிருக்கிறது.

கூடாரத்தில் இருந்தவர்களில் இன்னும் ஒரு ஆள் பாக்கி. நீ சம்மதித்தால் வருகிறேன். சம்மதிக்காவிட்டால் மறுபடி கேட்பேன்.

நாகையா


ஸ்ரீ கெம்பாங்கான்
7.8.2025

மாமாவுக்கு,

16ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். அவளிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும், ஆனா நான் ஒக்கார மாட்டேன்" என்றாள். பொம்மை, சாக்லெட் எதுவும் வாங்கி வர வேண்டாம். சொல்ல வந்ததைச் சொல்லுங்கள். அழுது அவளைப் பயமுறுத்தாதீர்கள்.

விஷ்ணுப்ரியா


பண்டமாரான்
18.8.2025

விஷ்ணுப்ரியாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். ரயிலில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்த் திரும்பினேன்.

நீ சமையல்கட்டில் இருந்தாய், உன் காதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

தாமரை கூடத்தில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றாள். நானும் நின்றேன். "உங்கம்மாவப் பத்தித் தாத்தா சொன்னது பொய், பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன். பிறகு போனைச் சொன்னேன். அவள் முகுந்தன் மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூன்று கேள்வி கேட்டாள்.

"அப்பா கிளினிக் போறேன்னு சொன்னாரா தாத்தா?"

"சொன்னான்."

"நீங்க வேணான்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் அம்மாவச் சொன்னீங்க?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. உனக்கு எழுதினேனே, அதே பதில். பன்னிரண்டு வயதுப் பிள்ளை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. "தாத்தாவுக்குப் பயம்" என்று மட்டும் சொன்னேன். அவள் அறைக்குள் போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலாம். மெதுவாகச் சாத்தினாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் "பரவால்ல தாத்தா" என்று சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்பது உங்கள் லிஃப்டில் இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் ஆறுதல் வாங்கப் போயிருக்கிறேன். பதினேழு வீட்டில் வராத வெட்கம் அந்த லிஃப்டில் வந்தது.

அவளுக்கு இப்போது என்மேல் கோபம். அது இருக்கட்டும். தாத்தா பாவம், வயதானவர் என்று நீ சமாதானம் சொல்லாதே. உன்மேல் இருந்தது என்மேல் வந்திருக்கிறது, அவ்வளவுதான் நான் கேட்டது. இதில் நான் பிடிவாதமாகத்தான் இருப்பேன்.

ஒன்று மட்டும் எழுது. வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுப் பார்த்தாயா?

நாகையா


ஸ்ரீ கெம்பாங்கான்
25.8.2025

மாமாவுக்கு,

போட்டேன். நேற்று மாலை, கூடத்தில், துணி மடித்துக்கொண்டே. தாமரை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தாள். ஏழாவது பாட்டில் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசி வரை எழுந்து போகவில்லை.

முடிந்த பிறகு உங்கள் பெயரை எடுத்தேன். அப்போது எழுந்து போனாள்.

விஷ்ணுப்ரியா