ஸ்டெல்லா வாசலைத் தாண்டிப் போன பை

ஜூலை 4, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து தூக்கி அடிக்கிறது. கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் இரண்டு கல் ஏற்றி வைத்தேன். முட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

நாலு மணிக்குப் பெண்கள் ஜெபக் கூட்டம், கனகம் வீட்டில். ஏழு பேரும் வந்தாச்சு. காற்றுக்காக ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டின்போது வெளியே பார்த்தால், பக்கத்து வீட்டுப் பின்படியில் அவள். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். வாய் அசைகிறது. நாங்கள் பாடுகிற அதே பாட்டு. நாலு சரணமும் மனப்பாடமாக. எங்களில் இரண்டு பேர் புத்தகத்தைப் பார்த்தே மூன்றாம் சரணத்தை முழுங்கினார்கள்.

பதினோரு வருஷமாக அவள் பெயரை வாயால் சொன்னதில்லை. எழுதவும் கை வரவில்லை. ஸ்டெ. என்று போடுகிறேன், அது போதும்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு துணிப்பை உண்டு. பாட்டுப் புத்தகங்கள், ஒரு கைமணி. கூட்டம் முடிந்ததும் பை எங்களில் அடுத்தவள் வாசலுக்குப் போகும். பை இருக்கிற வீட்டில்தான் அடுத்த வெள்ளி. தங்கபாய் வீட்டுக்கு அடுத்த வாசல் ஸ்டெ. வாசல். அதற்கடுத்தது கனகம். பதினோரு வருஷமாகத் தங்கபாய் வீட்டிலிருந்து பை நேரே கனகம் வீட்டுக்கு. நடுவில் ஒரு வீடு இல்லாத மாதிரி.

கடைசி ஜெபம் முடிந்து, பையைக் கட்டும்போது சொன்னேன். "பக்கத்து வீட்ட விட்டுட்டோம். அங்க ஒரு வெள்ளி வைக்கணும்."

அதற்கு ஒவ்வொருத்தியும்:

ரோஸ்லின் டீச்சர் (ரிட்டயர் ஆகியும் பிரம்பைக் கீழே வைக்காதவள், கூட்டத்துக்குத் தலைவி) – "யக்கா, அது நாம எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவுல்லா. இப்பம் எதுக்கு அதக் கிண்டுதியோ?"

லில்லி – "டீச்சர் சொல்லுதது சரிதான்." டீச்சர் தும்மினால் இவள் மூக்கைத் துடைப்பாள்.

கனகம் – "டீ ஆறுது, குடியுங்கோ."

தங்கபாய் – பாயைப் பார்த்தாள்.

மேல்வீட்டு அக்கா தங்கச்சி இரண்டு பேர் – ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி.

பை லில்லி வீட்டுக்குப் போயிற்று.

கிளாஸ் கழுவும்போது கனகம் காதோடு சொன்னது: "மாசக் கடைசியில போறாளாம் யக்கா. மக வந்து கூட்டிட்டுப் போவா, கோயம்புத்தூருக்கு. இனி இங்க வரமாட்டாளாம்."

இன்னும் மூன்று வெள்ளி.

ஜூலை 5, சனி

சாரல். துணி காயவில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்து, எல்லாரும் தின்றாச்சு. பேத்தி போனில் நாலு நிமிஷம் பேசினாள், அதில் மூன்று நிமிஷம் பூனையைப் பற்றி.

யோசித்தேன். ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். வாராவாரம் அதே சொல். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது. போட்டால் கிழவிக்குக் கிறுக்கு என்று தள்ளிவிடுவார்கள். காரணம் கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது. காரணத்தைப் பிடித்து இழுத்து இழுத்தே பேச்சை வேறெங்கோ கொண்டுபோய் விடுவார்கள். ஆறு பேரும் முறைப்பார்கள். முறைக்கட்டும். மூன்று வாரம் போதும்.

எப்படித் தெரியும் என்றால், தெரியும். முன்னால் ஒரு தடவை செய்திருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

லில்லி வீடு. ஏத்தங்காய் சிப்ஸ், எண்ணெய்ச் சிக்கு. சொன்னேன். "பக்கத்து வீட்ட விட்டுட்டோம். அங்க ஒரு வெள்ளி வைக்கணும்." அட்சரம் மாறவில்லை. பக்கத்து வீடு இப்போது எட்டு வாசல் தள்ளி. ஆனாலும் எல்லாருக்கும் மனசிலாச்சு.

டீச்சர்: "போன வாரமே பேசி முடிச்சாச்சே யக்கா."

லில்லி: "பேசி முடிச்சாச்சே."

மூத்தவள் (மேல்வீட்டு அக்கா): "எதுக்கு யக்கா திடீர்னு? அவ மக வேத்து மதத்துக்காரனக் கெட்டிட்டுல்லா போனா. அந்த வீட்டுல எப்பிடிப் பாட?"

நான் சிப்ஸ் தின்றேன்.

செருப்பு மாட்டும்போது டீச்சர் லில்லியிடம், எனக்குக் கேட்காது என்று நினைத்து: "யக்காவுக்கு எழுவத்தஞ்சு ஆவப்போவுது. பழசெல்லாம் இப்பம் கொழம்பும். விடு."

எனக்கா குழம்பும். அவள் மூத்த மகன் கல்யாணத்தன்று அவள் கட்டின சேலைக்கு எந்தப் பக்கம் நெய்க்கறை என்று சொல்லட்டுமா? என்னிடம் வாங்கிப்போன பித்தளை உருளி மூன்று மாசம் கழித்து ஒடுங்கி வந்ததே, அந்த ஒடுக்கு இன்றைக்கும் அடுப்பங்கரையில் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூலை 12, சனி

ஆராதனைக்குப் பூ வாங்கத் தோவாளைக்கு எப்போதும் நானும் லில்லியும். இருபது வருஷப் பழக்கம். இன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றேன். அவள் கனகத்தோடு முந்தின பஸ்ஸில் போய்விட்டாளாம். பூக்கடைப் பையன் சொல்லித்தான் தெரியும். "ஒங்க ஆளுக அப்பமே வாங்கிட்டுப் போயாச்சே பாட்டி."

என் ஆளுகள்!

கால் முழம் பிச்சி வாங்கி, புருஷன் படத்துக்குப் போட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முட்டு பிடித்துக்கொண்டது. தைலம் வாங்க மறந்துபோனேன்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் ஸ்டெ. எப்போதும்போலக் கடைசி பெஞ்சில். மெலிந்திருக்கிறாள்.

வெளியே குடை எடுக்கும்போது தங்கபாய் பக்கத்தில் வந்து நின்றாள். கண் வேறெங்கோ. "யக்கா, எனக்கும் அப்பிடித்தான் தோணுது. எத்தன தடவ அவ வாசலத் தாண்டிப் பையத் தூக்கிட்டுப் போயிருக்கேன். தலையத் தூக்க மாட்டேன்."

"அத அங்க வச்சுச் சொல்லேன்."

"ஐயோ. நான் சொன்னேன்னு யாருட்டயும் சொல்லிராதியோ."

தனியாக இருந்தால் மனசு. நாலு பேர் உட்கார்ந்தால் பாய். ஆனாலும் ஒன்று இரண்டாச்சு. அவள் வாய் திறக்காவிட்டாலும் இரண்டுதான்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஸ்டெ. மகள் வீட்டை விட்டுப் போன வாரம். பை தங்கபாய் வீட்டில் இருந்தது. அடுத்தது ஸ்டெ. முறை. ஆறு பேரும் போகலாம் என்றார்கள். டீச்சர்கூட, "இப்பந்தான் நாம போவணும், பாவம்" என்றாள். அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

போகக்கூடாது என்றது நான் ஒருத்தி.

"அந்த வீட்டுல எனக்குப் பாட்டு வராது." அவ்வளவுதான் சொன்னேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. முதல் வாரம் ஆறு பேரும் என்னைக் கடித்தார்கள். அந்த வெள்ளி கூட்டமே இல்லாமல் போயிற்று. இரண்டாம் வாரமும் அதே சொல். லில்லி "யாருக்குத்தான் வரும்?" என்றாள். மூன்றாம் வாரம் ஆறு பேரும் "நமக்கு வராது" என்றார்கள். நமக்கு! அன்று தங்கபாய் வீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு ஸ்டெ. வாசலைத் தாண்டி நடந்தது என் கால்தான். முற்றத்தில் தண்ணீர் தெளித்திருந்தாள். உள்ளே பாய் விரித்திருந்தது தெரிந்தது. உளுந்து வடை வாசனை.

மகள் மதம் மாறிக் கட்டினது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அது அவள் பாடு.

அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் கூட்டத்தில் வேதம் வாசிக்க என் முறை. நான் மூன்றாம் வகுப்பு. என் பேச்சை இப்படி எழுதிவிடுவேன், வேதத்துத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நாலு வசனம் ஆனது. ஐந்தாவதில் நின்றேன். ஸ்டெ. எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மீதியைக் கடகடவென்று வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதற்குத்தான்.

மழை விட்டது. அரிசி களைய வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

டீச்சர் வீடு. கேக், பிளேட்டில் முள்கரண்டி. பையைக் கட்டும் வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு சொன்னேன், அதே சொல்.

டீச்சர் பெருமூச்சு விட்டாள். "மறுபடியுமா யக்கா."

அப்போது தங்கபாய், சேலை நுனியைத் திருகிக்கொண்டே: "வச்சா என்ன டீச்சர்? எனக்கும் வைக்கணும்னுதான்." நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் பயந்து பின்வாங்கிவிடுவாள்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். சுவரில் பல்லி.

மேல்வீட்டு இளையவள்: "நாங்க ரெண்டு பேரும் வீட்டுல இதத்தான் பேசிக்கிட்டோம்." மூத்தவள் திரும்பிப் பார்த்தாள், ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. போன வாரம் எப்படிப் பாட என்று கேட்டவள் இவள்தான்.

கனகம்: "போறவள இப்பிடி அனுப்பக் கூடாதுல்லா."

லில்லி டீச்சர் மூஞ்சியைப் பார்த்தாள், தங்கபாயைப் பார்த்தாள், எண்ணிப் பார்த்தாள். "அதானே, மனுசத்தன்மை வேணும்லா" என்றாள். அடிப்பாவி.

டீச்சர் கேக்கை வெட்டினாள். "சரி. எல்லாருக்கும் சம்மதம்னா எனக்கென்ன."

அடுத்த வெள்ளி என் முறை. என் முறையை விட்டுக்கொடுத்தேன். பை இப்போது என் வீட்டில், அரிசிப் பானை மேல்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. பதினோரு வருஷத்தை மூன்று வாரத்தில் திருப்ப முடியுமென்றால், ஏன் முன்னாலேயே திருப்பவில்லை என்று யாராவது கேட்டால்?

ஜூலை 21, திங்கள்

வெயில். மிளகாய் காயப் போட்டேன். தைலம் வாங்கியாச்சு.

மருமகள் ஷீபா ரேஷன் கடையில் கேட்டது: டீச்சர் சபை ஆயரிடம் சொன்னாளாம். "எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்தல் அய்யா. நான் தான் எல்லாரையும் பேசிச் சம்மதிக்க வச்சேன்." ஆயர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொல்லப்போகிறாராம், இந்தச் சின்னக் கூட்டம் நமக்கெல்லாம் முன்மாதிரி என்று.

லில்லி வேறு சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "நாங்க எப்பமும் அவளுக்குச் சப்போர்ட்தான்."

எனக்கு மிளகாய் நெடி தலைக்கு ஏறிற்று.

ஷீபா: "அத்த, நீங்கதான மொதல்ல சொன்னியோ? போயி மூஞ்சிக்கு நேரா கேளுங்கோ. நாலு பேருக்குத் தெரியட்டும்."

"சும்மா இரு."

"ஒங்க உருளி ஒடுங்கினத ஒம்பது வருசமாச் சொல்லுதியோ. இதச் சொல்ல மாட்டியளா?"

சொல்ல மாட்டேன். மொதல்ல வைக்கணும்னு சொன்னது யார் என்று கிளறினால், மொதல்ல வேண்டாம்னு சொன்னது யார் என்றும் யாராவது கிளறுவார்கள். அவர்கள் இரண்டையும் மறந்துவிட்டார்கள். ஒன்றை எழுப்பினால் மற்றதும் கூட எழுந்து உட்காரும்.

டீச்சர் வைத்துக்கொள்ளட்டும். இதையும் உருளியோடு சேர்த்து வைக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

காற்று அடங்கி, புழுக்கம்.

மூன்றரைக்கே டீச்சர் என் வீட்டு வாசலில். "பைய நான் எடுத்துக்கிடுதேன் யக்கா, ஒங்களுக்கு முட்டு வலில்லா." கொடுத்தேன். அவள் முன்னால், லில்லி கூட, நான் கடைசி.

ஸ்டெ. வீடு பாதி காலி. அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. நடுவில் பாய் விரித்திருந்தாள். முற்றத்தில் தண்ணீர் தெளித்திருந்தாள். உளுந்து வடை வாசனை.

டீச்சர் பையை அவள் கையில் கொடுத்துக் கட்டிப் பிடித்தாள். ஸ்டெ. "ஒங்களாலதான் டீச்சர்" என்றாள். டீச்சருக்குக் கண் கலங்கிற்று, நிஜமாகவே. தானே செய்தது என்று நம்பிவிட்டாள்.

பாடினோம். அவள் புத்தகம் இல்லாமல் பாடினாள். எனக்குப் பாட்டு வரவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

டீச்சர்: "இன்னைக்கு வேதம் வீட்டுக்காரி வாசிக்கட்டும்."

ஸ்டெ. புத்தகத்தை எடுத்தாள், பக்கத்தைத் திருப்பினாள், எழுந்து வந்து என் மடியில் வைத்தாள். "ஞானம் யக்கா வாசிக்கட்டும்."

வேறு யாருக்கும் அதில் ஒன்றும் தெரியவில்லை. லில்லி விசிறிக்கொண்டிருந்தாள்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். ஒரு இடத்தில் ரொம்ப நேரம். தங்கபாய் எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள், ஸ்டெ. கையைக் காட்டி நிறுத்தினாள். யாரும் புத்தகத்தை வாங்கவில்லை. முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டாள். முதுகெல்லாம் வேர்வை.

பிறகு வடை. நான் கிளாஸ் எடுக்கப்போகிற சாக்கில் அடுப்பங்கரைக்குப் போனேன். அவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கனகம் வீட்டு ஜன்னல் என் படிக்கு நேர மேலதான் யக்கா. இங்க வைக்கணும்னு மொதல்ல யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும்."

கிளாஸ்களை வரிசையாக வைத்தேன்.

"அன்னைக்குப் பையத் தூக்கிட்டுப் போனப்பம் நீலச் சேல. வெள்ளைப் புட்டா. திரும்பிப் பாக்கல நீங்க."

"பாத்தேன். வடை வாசன வந்துது."

அப்போதுதான் திரும்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒண்ணுக்கு ஒண்ணு நேராயிருமா யக்கா?"

"ஆவாது ஸ்டெல்லா."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர். முழுசாக வந்தது.

"சீனி போடட்டா?"

"போடு."

கிளாஸை நீட்டினாள். சீனி போடவில்லை. குடித்தேன்.