கண்ணாடி அலமாரியிலிருந்து இறங்கிய விளக்கு

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

விளக்கு கிடைத்துவிட்டது. இதை முதலில் சொன்னால்தான் மற்றதை எழுதவே கை ஓடும். விளக்கின் உச்சியில் கழுத்துச் சாய்ந்த அந்த அன்னம் இப்போது நம் பழம்பொருள் கடை மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது.

எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ஜார்ஜ் டவுன் பணக்காரர்களுக்குப் பழம்பொருள்மேல் பைத்தியம் பிடித்திருந்ததாம். தாத்தா அவர்களுக்குத் தரகர். பளபளவென்று ஒரு புது விளக்கை வாங்கிக்கொண்டு கடல் தாண்டிப் பாகான் டாலாம் கோயிலுக்குப் போனார். "கறுத்துப்போனதை ஏன் வச்சிருக்கீங்க? இந்தப் புதுசை எடுத்துக்குங்க" என்றார். கோயிலில் இருந்ததோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் காசு சேர்த்துத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த வெண்கல விளக்கு. கோயில்காரர்கள் சந்தோஷமாகவே மாற்றிக்கொண்டார்கள். பழையது கடற்கரை மாளிகைச் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயின் கண்ணாடி அலமாரிக்குப் போனது. அதன்பிறகு ஒரு சொட்டு எண்ணெய் பார்க்கவில்லை.

"ஏமாத்தலம்மா. ஆனா சரியும் இல்ல" என்பீர்கள். அந்த மாளிகைக்கு நாற்காலி பழுதுபார்க்கப் போகும்போதெல்லாம் விளக்கைக் கேட்டு, வெறுங்கையோடு திரும்புவீர்கள். அன்றைக்கெல்லாம் யாரும் உங்களோடு பேச முடியாது.

போன மாதம் மாளிகையை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். தவுக்கேயின் பேரன் மனைவி, கேட்ட விலை வந்ததும் கொடுத்துவிட்டார். உங்கள் தேக்கு மேசையை விற்றுத்தான் வாங்கினேன். திட்டாதீர்கள்.

விஷயம் எப்படியோ எட்டி, மறுநாளே ஒரு சிங்கப்பூர்த் தரகர் போன் போட்டார். "அக்கா, களிம்பு பச்சையா அப்படியே இருக்குல்ல? துணி வச்சுகூடத் தொட்டுறாதீங்க லா. என் கஸ்டமர் பெரிய ஆளு. நீங்க சொல்றதுதான் விலை."

ஜுருவில் கார் விற்கும் உங்கள் மகன் இன்னும் ஒருபடி மேல். "கடைக் கூரை ஒழுகுதுக்கா. கோயில்காரங்களுக்கு இது ஞாபகம்கூட இருக்காது. குடுத்துடு லா!"

அவன் சொன்னதில் பொய் இல்லையே, அப்பா? நானும் தடுமாறித்தான் போனேன். சோறு இறங்கவில்லை.

கடைசியில் பெரிக் கப்பல் ஏறிப் பாகான் டாலாம் போனேன். கோயில் தலைவர் முழுக் கதையையும் கேட்டார். என் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னக்கா இது, பாசி புடிச்ச மாதிரி? சாமி முன்னால எப்படி வைக்கிறது? புளி போட்டு நல்லாத் துலக்கிக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமை ஏத்திடுவோம்."

அங்கேயே சிரித்துவிட்டேன். புளியா! களிம்பில் புளி பட்டால் விலை செத்துப்போகும் என்று, நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தோடு வரும் ரசத்தைக்கூட வாசலிலேயே குடிக்கச் சொன்ன மனுஷன் அல்லவா நீங்கள்? அவர்களுக்கு அது பழம்பொருளே இல்லை, அப்பா. விளக்கு. அது எனக்கு அங்கேதான் உறைத்தது.

இன்று காலை கடைக்குப் பின்னால் குழாயடியில் புளியைக் கரைத்துவைத்து உட்கார்ந்தேன். தம்பி வந்து நின்றான்.

"அக்கா, தேய்ச்சா அவ்வளவுதான். அப்புறம் ஒருத்தனும் வாங்க மாட்டான்!"

"அதுக்குத்தான்டா தேய்க்கிறேன்."

முறைத்துக்கொண்டே நின்றான். பிறகு குனிந்து குழாயைத் திறந்துவிட்டான்.

பச்சையெல்லாம் கரைந்து சாக்கடையில் ஓடியது. கூரைக்கு வேண்டிய காசும் அதோடு ஓடுகிறது என்று தோன்றியது, மறைக்க மாட்டேன். ஆனால் கை நிற்கவில்லை. தேய்க்கத் தேய்க்க அன்னத்தின் கண் தெரிந்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அதைக் காட்ட முடியவில்லையே என்று அழுதேன்.

சிங்கப்பூர்க்காரருக்குப் படம் அனுப்பினேன். "ஐயோ அக்கா!" என்று மட்டும் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை நானும் தம்பியும் விளக்கைத் தூக்கிக்கொண்டு பெரி ஏறுகிறோம். தாத்தா கொடுத்த புது விளக்கு இன்னும் அங்கே எரிகிறதாம். அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன். அதன் பக்கத்தில் இதை வைத்து, முதல் திரியை உங்கள் பேரில் ஏற்றுவேன். இது சத்தியம், அப்பா.

உங்கள் கடையையும் கோபத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்ட மகள்,
செல்வி