என் பெண் வளர்க்கும் கொக்கிப்புழுக்கள்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அண்ணன் குடும்பம் எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்க இந்தத் தடவை கை வரவில்லை. உன் வயிற்றில் குடியிருப்பவை சுகமாகத்தான் இருக்கும், அவற்றுக்கென்ன கேடு, உட்கார்ந்த இடத்தில் என் பெண்ணின் ரத்தம் கிடைக்கிறது.

சீ, எழுதும்போதே குமட்டுகிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் கடிதம். சில மாதம் முன்னால் வீடியோவில் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாய், கொசு என்றாய், நானும் நம்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை உதடு ஏன் இப்படி வெளுத்திருக்கிறது, மாடிப்படி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று குடைந்த பிறகுதான், கொக்கிப்புழும்மா, ஆராய்ச்சிக்காக நானேதான் கையில விட்டுக்கிட்டேன் என்று ஏதோ புதுச் செருப்பு வாங்கியதுபோல் சொல்கிறாய். என் போன் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. சின்ன வயதில் உன்னைக் கட்டிலைச் சுற்றித் துரத்திப் பிடித்து, மூக்கைப் பொத்திப் பூச்சி மாத்திரை விழுங்க வைத்தவள் நான். நகம் வெட்டிவிட்டு, செருப்பில்லாமல் வாசலில் கால் வைக்காதே என்று தொண்டை வறளக் கத்தியது இதற்குத்தானா?

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலம் தள்ளியவள் நான், எந்த அழுக்குக்கும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அது கையுறை போட்டு, கொதிநீரில் முக்கி, வெளியே அனுப்பிய அழுக்கு. நீ உள்ளே கூப்பிட்டு வைத்திருக்கிறாய். அதுவும் யாருடையது? உன் பேராசிரியர் வயிற்றில் வருஷக்கணக்காக இருந்தவையாம், அவர் கழிவிலிருந்து முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து அந்தக் குஞ்சுகளை உன் கையில் வைத்துக் கட்டினார்களாம், அவை தோலைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தனவாம். கருமம், கருமம்! அவர் ஆபரேஷனுக்காக மாத்திரை போட்டுச் சுத்தமாகிவிட்டார், இப்போது அந்த வம்சம் உன் வயிற்றில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் நீ மாத்திரை போடக்கூடாது. நன்றாக இருக்கிறது நியாயம். அந்தப் புழு மனுஷ உடம்பில்தான் பிழைக்கும் என்றால் அங்கே வேறு மனுஷரே இல்லையா என்று கேட்டேன், யாரும் முன்வரலைம்மா என்றாய். வருவார்களா பின்னே.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்காதே. நீ அனுப்பிய கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் திறந்து, புழுவின் வாயைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, கத்தி மாதிரி ரெண்டு தகடு, என்ன நேர்த்தி பாரேன் என்கிறார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார். அந்தப் புழு ஏதோ ஒரு புரதத்தைக் கக்கி, உடம்பு தன்னை விரட்டாதபடி சமாதானப்படுத்தி வைக்கிறதாம். எந்த மரபணு அந்தப் புரதத்தைச் செய்கிறது என்று நீ ஏறக்குறைய பிடித்துவிட்டாயாம். சொந்த உடம்பே தன்னைத் தின்கிற வியாதிக்காரர்களுக்கு அதிலிருந்து மருந்து வரலாமாம், இப்போது புழு செத்தால் இத்தனை வருஷ உழைப்பும் போச்சாம். கேட்டுக்கொண்டேன். அருவருப்பு ஒரு துளியும் குறையவில்லை.

ஆனால் உன் வெளுத்த உதடு கண்ணைவிட்டுப் போகவில்லை. நேற்று தெருமுனை டாக்டரம்மாவிடம் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ரத்தம் நிறைய இருக்கிறதாம், வேறு குறையும் இல்லையாம். எதற்கு இதெல்லாம் என்று கேட்டார், சொல்ல வாய் கூசியது. அடுத்த மாதம் நான் அங்கே வருகிறேன். பேராசிரியரிடம் சொல்லி என்ன பரிசோதனை செய்யவேண்டுமோ செய்யச் சொல், அந்தக் கருமத்தை என் கையில் விடுங்கள், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். என் வயிற்றில் அது பிடித்துக்கொண்டது என்று தெரிந்த அன்றைக்கே நீ என் கண் முன்னால் பூச்சி மாத்திரை விழுங்க வேண்டும். மூக்கைப் பொத்துவது என் பொறுப்பு. அப்பாவிடம் மூச்சு விடாதே, தெரிந்தால் பெருமையில் தெருவெல்லாம் சொல்லிவிடுவார்.

அதுவரை இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படி ஏறாதே. உடம்பு நிறைய ரத்தத்தோடு நூறு வயது இரு.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
அம்மா

பி.கு.: இடது கையிலேயே விடச் சொல். வலது கையால் நான் சாப்பிட வேண்டும்.