சாயக் கூடாத நாற்காலி

மார்ச் 4
கணக்குப் பரீட்சை எழுதப் போனேன். கணக்குதான் என்னைப் பரீட்சித்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா முகம் என் விடைத்தாளைவிட மோசம். பல்கலைக்கழகக் கண்காட்சியில் அவள் வடிவமைத்த நாற்காலிக்குப் பக்கத்தில் துறைத்தலைவர் பெயர் மட்டும் போடுகிறார்களாம். துறைத்தலைவரா அவர்? துறைத்தலைவலி.

எனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து அம்மாவுக்கு இதே ஆராய்ச்சி. சுமை எங்கே விழும் என்று கணினிக்குச் சொன்னால், எதையும் தாங்காத இடத்தையெல்லாம் அது தின்றுவிடும். மிச்சம் நிற்பது எலும்பு மாதிரி ஓர் உருவம். அதை முப்பரிமாண அச்சு இயந்திரம் நிஜ நாற்காலியாகவே அச்சடித்துவிடும். சொல்லாத சுமை மட்டும் அதற்குத் தெரியாது.

மார்ச் 6
நேராக உட்காருவதற்குக் கணக்குப் போட்டதும் ஒல்லி நாற்காலி வந்ததாம். சாய்வதையும் சேர்த்ததும் பின்னங்கால் தடித்துவிட்டதாம்.

“குண்டா இருக்கு மேடம், யாரு பாப்பாங்க? ஒல்லியையே அச்சடிங்க”ன்னு தலைவலி சொல்லிட்டாராம்.

“நீ என்ன சொன்னே?”

“யாரும் உக்காரக் கூடாதுன்னு அட்டை வைக்கச் சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாததை வெட்டி எறிவதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு இந்த ஆளை வெட்டத் தெரியாதா?

மார்ச் 7
தலைவலியின் கார் கண்ணாடியில் சோப்பால் எழுதலாமென்று கிளம்பினேன். “வாலு, சோப்பை வை” என்றார் அப்பா. வைத்தேன். கோபத்தை எங்கே வைப்பது?

மார்ச் 9
கண்காட்சி. படம் எடுப்பவர், “உக்காருங்க சார்” என்றார். தலைவலி அட்டையைத் தானே எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். தாங்கியது.

“அப்படியே சாஞ்சுக்குங்க சார்.”

“சாயாதீங்க!” கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அம்மா கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே சாய்ந்தார். படக்.

சிரிப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் சொன்ன முதல் வார்த்தை: “டிசைன் மேடத்தோடது.”

மார்ச் 10
அறிவிப்புப் பலகையில் அம்மா பெயர், கொட்டை எழுத்தில். விசாரணையாம். நாற்காலி நின்றபோது இல்லாத பெயர், விழுந்ததும் முளைத்துவிட்டது. ச்சீ. அழுகை வருதா, கோபம் வருதா, எதுன்னே தெரியல.

“இப்பவாவது கத்தேன்மா.”

“கத்தினேனே. யாரு கேட்டா?”

 

மார்ச் 17
குண்டு நாற்காலியை அச்சடித்துவிட்டாள். நானும் அப்பாவும் மூச்சு வாங்க விசாரணை அறை வரை தூக்கிப்போனோம். கதவைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா அதில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், பின்னங்கால்களில் மட்டும் நிறுத்தி ஆடினாள். சத்தமே இல்லை. “உடைஞ்ச நாற்காலியும் என் கணக்குதான். ஆனா பாதிக் கணக்கு. முழுசா நான் குடுத்தது இது. குண்டுன்னு வேணாம்னு சொன்னது சார்.”

விசாரணைக் குழுவிலிருந்த பெரியவர் தலைவலியைப் பார்த்தார். “நீங்க ஒருதரம் உக்காந்து பாருங்களேன்.”

அம்மா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். கையில் கட்டோடு அவர் நின்றுகொண்டே இருந்தார். அம்மாவே மறுபடி உட்கார்ந்தாள். மீதிக் கேள்விகளுக்கெல்லாம் சாய்ந்தபடியே பதில் சொன்னாள்.