மஹ்ரூப் நானாவின் துரும்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

துறைமுகத் தொழிலாளர் மண்டபத்தில் 304 காட்ஸ் சீட்டாட்டப் போட்டியை நான்தான் நடத்தினேன். மற்றச் சீட்டுகளை வெட்டுகிற, கவிழ்த்து வைத்த துரும்புச் சீட்டு கடற்காற்றில் பறக்காமலிருக்க, அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைக்கச் சொன்னதும் நான்தான். என்னோடு வேலை செய்யும் மூத்தவர், கிண்ணியா மஹ்ரூப் நானாவின் துரும்பைக் காணவில்லை என்றதும், "நானா துரும்பை ஒளிச்சு அளாப்பிறார், வெளியில போகட்டும்" என்று மைக்கில் சொல்லி அவரைக் கள்ள ஆட்டக்காரராக்கிவிட்டேன். அவர் எழும்பிப் போனார். பிறகு பார்த்தால், ஆட்டத்தின் நடுவே நானே எடுத்துப்போன கோப்பையின் ஈர அடியில் அந்தச் சீட்டு ஒட்டியிருந்தது.

பனங்கட்டி நாலு ஓலைக் குட்டான் அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு அவர் வீட்டுக்குப் போக ஏலாது.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. "அம்மாட கால் எப்பிடி தம்பி?" என்று தினமும் கேட்பவர் அவர்தான். மூன்று நாளாக ஒருவரும் கேட்கவில்லை.

மகன்,
கோகுலன்