நல்ல இனிப்பு, அண்ணா

14.07.2024, ஞாயிறு

சுவிசில் அண்ணாவோடு ஒரே அறையில் இருக்கும் லக்ஷன் லீவில் வந்திருக்கிறார். முரசுமோட்டையில் எங்கள் வீடு வரைக்கும் வந்து, குளிர் ஜம்பருக்குள் சுற்றிய வைன் போத்தல் ஒன்றைத் தந்தார். றீஸ்லிங் என்று பெயராம். ஆயிரம் மீற்றர் உயரத்துக்குக் கிட்ட, மலைச் சரிவில், சுண்ணாம்புக்கல் தரையில் காய்த்த திராட்சை. அங்கே வேலை செய்யும் அண்ணா தன் கையால் பிடுங்கியது.

"குடிச்சுப் பாத்து எப்பிடியெண்டு உண்மையாச் சொல்லட்டாம்," என்றார் லக்ஷன்.

அம்மாவைக் கண்டதும் லக்ஷனின் முகம் மாறிவிட்டது. அண்ணாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதம். அண்ணாவுக்குத் தெரிந்தால் ஓடி வந்துவிடுவார். வந்தால் அவருடைய அகதி அட்டை போய்விடும், திரும்பிப் போக முடியாது. "பத்து வருசம் குளிருக்க கிடந்து எடுத்தவன். என்னால அது போகக்கூடாது." இது அம்மாவின் கட்டளை.

15.07

தக்கையைக் கழற்றத் தெரியாமல் கத்தியால் உள்ளே தள்ளினேன். ஒரு வாய் குடித்ததும் பல் கூசியது. ஒரே புளி. நத்தார் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டு அருந்ததி அக்கா தரும் வைன், சீனிப் பாணி மாதிரி இனிக்கும். இது வெயிலில் வந்து பழுதாகிவிட்டது. பாவம் அண்ணா. கிளாசில் இருந்ததற்கு இரண்டு கரண்டி சீனி போட்டேன். இன்னும் மோசம்.

அம்மாவும் கேட்டார். போத்தலில் இருந்து ஒரு தேக்கரண்டி கொடுத்தேன். மருந்து தொடங்கியதிலிருந்து எல்லாமே கசக்குது என்பவர், "இது வாய்க்கு ருசியாக் கிடக்குப் பிள்ளை" என்றார்.

16.07

அண்ணா போன் எடுத்தார். "எப்பிடி?"

"நல்ல இனிப்பு, அண்ணா."

அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியதைப் புளி என்று யாராவது சொல்வார்களா?

"அது இனிப்பே இல்லாத வைன், தர்மிளா. அப்பிடித்தான் செய்யிறது." பிறகு, "அம்மா சுகமெண்டு சொல்லுறதும் இப்பிடித்தானோ?"

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "இனி எனக்குப் பொய் சொல்லாதை," என்றார்.

17.07

அம்மா என்னோடு கதைக்கவில்லை.

28.07

அண்ணா ஒவ்வொரு நாளும் "வாறன்" என்கிறார். அம்மா போனில் "வராதை" என்று சொல்லிவிட்டு, வாசல் படலைச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

09.08, வெள்ளி

முதலாளி லீவு தரவில்லையாம். பிறகு, அட்டையை நினைக்கப் பயமாம்.

வருவார் என்று பயந்துதானே ஐந்து மாதம் பொய் சொன்னேன்? வரமாட்டார் எண்டு தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பனே — ஆரிலை கோவிக்கிறது? எனக்கே தெரியேல்லை.

அம்மா இன்றைக்குக் கேட்டது பிரிஜ்ஜில் இருக்கும் அந்தப் போத்தலில் ஒரு கரண்டி மட்டும்தான்.

18.08

"விதுசன் வந்திட்டானோ?" காலையிலிருந்து அம்மா அண்ணாவை நாலு தரம் கேட்டுவிட்டார்.

19.08, திங்கள்

விடிய ஐந்தரைக்கு அம்மா போய்விட்டார்.

26.08, திங்கள்

அம்மா போய் எட்டாம் நாள், எட்டுச் செலவு. அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். விளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ஒடியல் கூழ். பக்கத்தில் அந்தப் போத்தல், அடியில் இரண்டு விரலளவு மிச்சத்தோடு. வைனைப் படைப்பதா என்று சித்தி முகத்தைச் சுளித்தார். நான் எடுக்கவில்லை.

அண்ணா வீடியோவில் இருந்தார். பின்னால் மலை, திராட்சைக் கொடி வரிசை. வேலை உடுப்போடுதான் நின்றார். படையலைக் காட்டச் சொன்னார். போத்தலைக் கண்டதும் கண்ணைத் துடைத்தார்.

"அம்மா கடைசியில என்னைத் தேடினவாவோ?"

"இல்லை, அண்ணா. நல்ல நித்திரையிலதான் போனவா."

அண்ணா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அண்டைக்கும் நல்ல இனிப்பெண்டு சொன்னனியெல்லோ," என்றார். "இதுவும் அப்பிடித்தானே?"

நான் போனை மறுபடி அந்தப் போத்தல் பக்கம் திருப்பினேன். அவர் போனை வைக்கவில்லை.