புல்லைத்தான் கழுவினோம்

என் பிரியமான ரேவதி அக்காவுக்கு,

உன்னைக் கொன்றது பசை. கம்பெனி அச்சடித்து ஒட்டிய போஸ்டரில் "உடல்நலக் குறைவால்" என்று போட்டிருந்தார்கள். ஷூவுக்கு சோல் ஒட்டும் மேஜையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு இருபத்தெட்டு வயதில் ரத்தம் ஊறுவது நின்றுபோனால், ஆம்பூரில் அதற்கு அப்படித்தான் பேர்.

ஜாஸ்தியும் கம்மியும் நன்றாக இருக்கின்றன. நீ வைத்த பேரை மாற்றவில்லை. தின்றுகொண்டே இருக்கும் கினி பிக் ஜாஸ்தி, அதன் பின்னால் ஒளிகிற ஒல்லி கம்மி. சாயங்காலம் தெருமுனையில் கம்பெனி வேன் நின்றால் இரண்டும் கூண்டுக் கம்பியைப் பிடித்து நின்று விசில் அடிக்கின்றன. நீ புல்லோடு வருகிறாய் என்ற நினைப்பு. அம்மா சரியாக அந்த நேரம் பார்த்து மிக்ஸியைப் போடுகிறாள். சட்னி அரைக்கவா, அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்கவா?

வேலூரில் மீன் தொட்டி விற்கிற கடையில் அவற்றை வாங்கி வந்த புதிதில் எவ்வளவு பயந்தோம்! பாலாற்றங்கரைப் புல்லை நீ தொடவே விடவில்லை. "அதுல தோல் ஷாப்பு கழிவுத் தண்ணி ஏறியிருக்கும்டி. வாயில்லாத ஜீவன், பாவம்." வெளிநாட்டு ஆட்கள் வந்தால் காட்டுவதற்குக் கம்பெனி வாசலில் வளர்க்கும் புல்தரைதான் உன் கண்ணில் பட்டது. அந்தப் புல்லைக் கொடுக்கலாமா என்று செல்போனில் தேடித் தேடிப் படித்தவள் நான்.

அங்கே தோட்ட வேலை பார்க்கும் மாணிக்கம் அண்ணன் உன்னைக் கையும் களவுமாகப் பிடித்ததை நீ நடித்தே காட்டுவாய்.

"இன்னா கண்ணு, டிபன் பாக்ஸ்ல புல்ல அமுக்கிற? ஊட்ல சோறு போடலையா?"

"எனுக்கில்லண்ணே. ரெண்டு கினி பிக் வளக்கிறேன்."

"அப்ப மிஷின்ல வெட்னத எடுக்காத. குமிஞ்சி கெடந்து சூடேறியிருக்கும், துன்னா வயிறு ஊதிக்கும். கையால கிள்ளிக்கோ. ஊத்தறது லாரித் தண்ணிதான், பயப்படாத. மருந்து அடிச்சா நானே சொல்றேன்."

சொன்னார். ஒருநாள் புல்தரை நடுவில் போர்டு நட்டிருந்தது: மருந்து அடித்துள்ளது, இரண்டு வாரம் யாரும் நுழையக் கூடாது. நீ வெறும் டப்பாவோடு வந்து சிரித்தாய். "புல்லுக்கு போர்டு வெச்சிக்கிறான் பாரேன். எங்க மேஜைல பசை டப்பாவத் தொறந்தாலே கண்ணு எரியுது, அங்க ஒண்ணத்தையும் காணோம். வெள்ளக்காரன் பாக்க வந்தா மட்டும் எங்களுக்கு மாஸ்க் குடுப்பாங்க. அவன் கார் ஏறினதும் திரும்ப வாங்கி வெச்சிக்குவாங்க." நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன் அக்கா?

பிறகு ஒரு சாயங்காலம், கம்மி உன் கையிலிருந்த புல்லை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. "மருந்துப் புல்லா பூட்ச்சோ?" என்று பதறினாய். இரண்டு முறை கழுவினோம். மறுபடி நீட்டினாய். மூலைக்கே போய்விட்டது. அதே கொத்தை வாங்கி நான் நீட்டினேன். கறுக் கறுக்கென்று தின்றது.

"துரைக்கு காலேஜ் படிக்கிற கைதான் வேணுமாம்" என்றாய்.

புல்லில் ஒன்றுமில்லை அக்கா. எல்லாம் உன் விரலில் இருந்தது. உரித்து உரித்து எடுத்தாலும் போகாத அந்தப் பசை. கெமிஸ்ட்ரி படிக்கிற நான் புல்லைப் பற்றி அவ்வளவு படித்தேன்; நீ நாள் பூரா மோந்த டப்பாவின் பேரை ஒருதடவைகூடக் கேட்கவில்லை. ஒரு சாண் பிராணி கண்டுபிடித்துச் சொன்னது. அன்றைக்கும் நாம் புல்லைத்தான் கழுவினோம். நீ அந்தக் கையால் சோறு பிசைந்து தின்றாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "பசை வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். தலையை ஆட்டிக்கொண்டார். தாளில் அதை எழுதவில்லை.

இப்போது மாணிக்கம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பை நிறையப் புல் கிள்ளிக்கொண்டு வருகிறார். உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை. "புல்லுக்கு நான் சொன்னேன் பாப்பா. உள்ள நடக்கிறது எனுக்கு எங்க தெரியும்" என்று வாசலிலேயே நின்று அழுகிறார். அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. உன் இடத்தில் குடியாத்தத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்தான் சொன்னார். பத்தொன்பது வயதாம்.

போன வாரம் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். "பெரிய மாலையா போட்டமேம்மா, இன்னும் இன்னா வேணும்?" என்றார் அங்கிருந்தவர். டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், புல்லுக்கு வைத்த போர்டை அந்த மேஜைக்கும் வையுங்கள் என்றேன். செக்யூரிட்டியைக் கூப்பிட்டு வெளியே அனுப்பினார்கள். திரும்பிப் பார்த்தேன். புல்தரையில் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெளித்துக்கொண்டிருந்தது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் குடியாத்தத்துப் பெண்ணை இன்னொரு போஸ்டரில் பார்க்க மாட்டேன். ஷிப்டு விடும் நேரத்துக்குத் தினமும் கம்பெனி வாசலில் போய் நிற்பேன். நேற்றும் நின்றேன். சாத்திய கேட்டைத் தட்டிக் கத்தினேன்:

"அந்த டப்பாவுல இன்னா இருக்குது? பேரச் சொல்லுங்க!"

உன் தங்கச்சி,
சுதா